மழை நிற்கும் மலையைத் தாண்டி...

ஆடி மாதம். கள்ளிக்குடி பக்கம் எங்கள் மானாவாரிக் கரிசலில் கோடை உழவு முடிந்து புழுதி பறந்துகொண்டிருந்தது. பருத்தி ஊன்ற இனிப் புரட்டாசி மழைதான் வர வேண்டும். கை ஓய்ந்திருந்த நேரத்தில், மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸில் புனலூருக்கு டிக்கெட் எடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வலதுபக்க ஜன்னலில் மலை கூடவே வந்தது. தென்காசியில் காற்று ஈரமானது. செங்கோட்டையில் சாரல். அதற்கு மேல் ஏற்றம் என்பதால், ரயிலின் பின்னாலும் ஓர் இன்ஜினைச் சேர்ப்பது இங்கே வழக்கம். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும்.

தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் பகவதிபுரம். அதைத் தாண்டியதும் நீளமான குகை. இருட்டு முடிந்து வெளியே வந்தால், கேரளத்து ஆரியங்காவு. அங்கே அடைமழை!

தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, சுமந்து வந்த மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. கணவாய் வழியாக செங்கோட்டை, குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கிறது. நம் கரிசலுக்கு வந்து சேர்வது அம்மியைப் பறக்கவைக்கும் காற்று மட்டும்தான்.

இந்தப் பாதையில் முதல் ரயில் ஓடியது 1904-ம் ஆண்டு. மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்ற 2010-ல் நிறுத்தினார்கள். 2018-ல்தான் மறுபடி ரயில் வந்தது. கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் கருங்கல் பாலத்தை ரயிலில் இருந்து முழுதாகப் பார்க்க முடியாது. கீழே ஓடும் திருமங்கலம் - கொல்லம் சாலையில் நின்றால்தான் அதன் அழகு தெரியும்.

பாலத்தைக் கடக்கும்போது பெரியாறு நினைவுக்கு வந்தது. ரயிலுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1895-ல், இதே மலைத்தொடரின் வடக்கே குகை குடைந்துதான் பென்னிகுவிக் வைகைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மேலூர் வரை நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான். பதிலுக்கு, பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி புளியரை வழியாக தினமும் மலையேறிப் போகிறது. அவர்களிடம் மழை; நம்மிடம் விளைச்சல்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒருமுறை போய் வாருங்கள். மலைப்பகுதியைப் பகலில் கடக்கும் ரயிலா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போனால், மழை எங்கே நிற்கிறது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

எனக்கும் புரிந்தது. நமக்கென்று வருவது ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதையும் ஓடவிட்டால் யாரைக் குறை சொல்வது? ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பண்ணைக்குட்டையைத் தூர் வாரினேன்.