அம்பாசடருக்கு ஒரு புது முதுகு

இந்த வாரம் உரம், பூச்சி, நெல்லு விலை எதுவும் இல்லை. ஒரு பொம்மைக் காரைப் பத்தி எழுதப் போறேன். ஐம்பது தாண்டின விவசாயிக்கு பொம்மைக் காரான்னு சிரிக்கிறவங்க, சிரிச்சுட்டு மேல படிங்க.

கார் என் அண்ணனோடது. அண்ணன் காஞ்சிபுரத்துல வெள்ளை அம்பாசடர் டாக்சி ஓட்டினவர். கல்யாணப் பட்டு எடுக்க வர்ற குடும்பங்கள், கோயில் பார்க்க வர்றவங்க, நடுராத்திரியில பிரசவ வலி வந்தவங்கன்னு எல்லாரையும் ஏத்தின வண்டி. அதே மாதிரி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் அம்பாசடரை ஒரு நாள் கடைவீதியில பார்த்து வாங்கிட்டு வந்தார். பின்னாடி இழுத்து விட்டா முன்னாடி ஓடும். அதோட முன் நம்பர் பிளேட்ல தன் வண்டி நம்பரை மெல்லிசா பேனாவால எழுதி வச்சார். நிஜ வண்டி காயலான் கடைக்குப் போயிடுச்சு. 2019-ல அண்ணனும் போயிட்டார். பொம்மை வண்டி மட்டும் அண்ணி வீட்டு மாடத்துல நின்னுது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை கொட்டினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்போ அண்ணி வீட்டு மண்சுவர் ஊறி, மாடத்து மேல்பக்கம் இடிஞ்சு கார் மேல விழுந்துச்சு. முன்பாதி தப்பிச்சுது. பின் கூரை, பின் சீட்டு, டிக்கி எல்லாம் அப்பளம். அண்ணி அந்தத் துண்டுகளை ஒரு முறத்துல பொறுக்கி எடுத்துக்கிட்டு வந்து என் முன்னாடி வச்சாங்க. "தம்பி, பழைய மாதிரியே ஆவுமா?" அவ்வளவுதான் கேட்டாங்க.

பழைய மாதிரி ஆகாது. பாதித் துண்டு மாவாப் போயிருந்துச்சு. அதே மாதிரி புதுசா ஒண்ணு வாங்கி முன்னாடி வைக்கலாம். ஆனா அண்ணன் கையெழுத்து அதுல இருக்காதே.

அப்ப பக்கத்துல அண்ணன் மகளோட பையன் இருந்தான், எட்டு வயசு. முறத்துல கிடந்ததைப் பார்த்துட்டு, "சின்னத் தாத்தா, பின்னாடிதான் ஒண்ணுமே இல்லியே, அங்க நெல்லு ஏத்தலாமா?"ன்னு கேட்டான். அண்ணி முகம் மாறிப்போச்சு. ஒண்ணும் சொல்லாம எழுந்து உள்ள போயிட்டாங்க. மூணு நாள் இந்தப் பேச்சையே எடுக்கலை. நானும் முறத்தைத் தொடலை.

அவங்க வருத்தம் எனக்குப் புரியும். அண்ணன் ஆளை ஏத்தினவர், மூட்டை ஏத்தினவர் இல்லை. அந்த டாக்சிதான் அவருக்குக் கௌரவம். அம்பாசடர்னா அப்படித்தானே? இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டை வச்சு, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல ஆரம்பிச்சது. கலெக்டர், மந்திரி, டாக்சிக்காரர்னு எல்லாரும் அதுலதான் போனாங்க. 2014-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. இன்னிக்கு எங்க ரோட்டுல ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் கம்பெனி பஸ்ஸுங்க ஷிப்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போகுது. பொடியனோட அப்பாவும் அதுலதான் போறார். பொடியனுக்கு அம்பாசடர்னா தாத்தா போட்டோவுல பின்னாடி நிக்கிற வண்டி, அவ்வளவுதான்.

நாலாவது நாள் அண்ணியே வந்தாங்க. "முன்பக்கத்துல கை வைக்காதே. பின்னால அவன் கேட்டதைச் செய்"ன்னாங்க.

முதல்ல அளவு எடுத்தேன். நிலத்துக்குப் புலப்படம்னு ஒண்ணு இருக்கும். அதுல 1:1000, 1:2000-ன்னு போட்டிருக்கும். 1:1000-னா படத்துல ஒரு சென்டிமீட்டர், தரையில 10 மீட்டர். பொம்மைக்கும் அதே கணக்குதான். நிஜ அம்பாசடர் நீளம் சுமார் 4.3 மீட்டர். என் கையில இருந்தது உடையறதுக்கு முன்னாடி 12 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தா 36-ல் ஒரு பங்கு.

அடியில ரெண்டு திருகாணி. கழட்டினா மேல்கூடு தனியா வந்துடுச்சு. பின்சக்கரத்தோட சேர்ந்த ஸ்பிரிங் பெட்டி நல்லா இருந்துச்சு. முன் சீட்டுக்குப் பின்னாடி கோடு போட்டு, ஆக்ஸா பிளேடால மெதுவா அறுத்தேன். வேகமா இழுத்தா சூடேறி பிளாஸ்டிக் ஒட்டிக்கும். அப்புறம் உப்புத்தாள். கதவுத் தூண்ல ஒரு விரிசல். ஆப்ப சோடாவைத் துளி தூவி, மேல ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டா கல்லு மாதிரி இறுகிடும். அதைச் செய்யும்போது புகை கிளம்பும், மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கணும். நெயில் பாலிஷ், பெயின்ட் தின்னர் ரெண்டும் வேண்டாம். அதுல இருக்கிற மருந்துல இந்த மாதிரி பிளாஸ்டிக் இளகிடும்.

இப்போ பின்னால என்ன வைக்கறது? அட்டை, தகரம் எல்லாம் வச்சுப் பார்த்தேன், எதுவும் மனசுக்கு ஒப்பலை. ஐயம்பேட்டையில இருந்துக்கிட்டு மரத்துக்கு எங்கயோ போவானேன்னு, பக்கத்து வீட்டு நெசவுக்கார அண்ணன்கிட்ட போய் நின்னேன். அவர் தறிக்கு அடியில தேய்ஞ்சுபோன ஒரு நாடா கிடந்துச்சு. நாடான்னா நூல் தாரை வயித்துல வச்சுக்கிட்டு பாவுக்குள்ள இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த மரக்கட்டை. நடுவுல குடைஞ்சிருக்கும், படகு மாதிரி. நடுப்பகுதியில 5 சென்டிமீட்டர் அறுத்து எடுத்தா அப்படியே சரக்கு வண்டித் தொட்டி!

"ஏம்பா, பிளாஸ்டிக்கும் மரமும் ஒட்டினா இணைப்பு கண்ணுக்குத் தெரியுமே, பரவால்லியா?"ன்னு கேட்டேன்னு வச்சுக்குங்க, அவர் சிரிச்சார். "கோர்வைச் சேலை பார்த்ததில்லியா நீ? உடல் ஒரு கலர், கரை ஒரு கலர். மூணு நாடா போட்டு நெய்யறோம். சேர்ற இடம் தெரியத்தான் தெரியும். பிரியக் கூடாது, அதான் வேலை"ன்னார். அதுக்கப்புறம் இணைப்பை மறைக்கணும்னு நான் நினைக்கலை. அரால்டைட் குழைச்சு ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்கக் கயிறு கட்டி வச்சேன். தொட்டிக்கு மூங்கில் சிம்புல பின்கதவு. மரத்துக்குப் பெயின்ட் அடிக்கலை. பல வருஷம் கை பட்டு ஏறின வழவழப்பு அது. எந்தப் பெயின்ட்லயும் வராது.

இப்படி ஒண்ணை இன்னொண்ணாக் கட்டறது நம்ம பக்கத்துல புதுசு இல்லை. கம்பெனி அடிச்சட்டத்தை மட்டும் அனுப்பும், பஸ்ஸுக்குக் கரூர்லயும் லாரிக்கு நாமக்கல்லயும் பாடி கட்டுவாங்க. சென்னையில பழைய ஸ்கூட்டர் இன்ஜினை வச்சு மீன்பாடி வண்டி ஓட்டறாங்க. பொம்மையிலயும் இது உண்டு. அமெரிக்காவுல மேட்டல் கம்பெனி 1968-ல ஹாட் வீல்ஸ் கார்களைக் கொண்டு வந்தப்போ, முதல் 16 வண்டிகள்ல பல வண்டிகளுக்குப் பேரே 'கஸ்டம்'னுதான் ஆரம்பிக்கும்.

இதைத் தெரிஞ்ச தமிழ் வாத்தியார் ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவர் பெரும்பாணாற்றுப்படையைச் சொன்னார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. அதுல காஞ்சிக்குப் போற வழியில ஒரு உழவர் ஊர் வருதாம். அங்க பிள்ளைங்க பொம்மைத் தேரை உருட்டி விளையாடிக் களைச்சுப் போறாங்களாம். ஏறிப் போக முடியாத தேர், ஆனா நல்ல தேர்னு புலவர் சொல்றாராம். தச்சர் வீட்டுப் பிள்ளைங்களே ஆசைப்படற மாதிரி செஞ்ச தேராம் அது. எனக்கு ரொம்ப சந்தோஷமாப் போச்சு.

வண்டி முடிஞ்ச அன்னிக்குப் பொடியன் நெல்லோட வந்து நின்னான். "எத்தினி மூட்டை தாங்கும் சின்னத் தாத்தா?" நீளம் 36 மடங்கு குறைஞ்சா, கொள்ளளவு 36 பெருக்கல் 36 பெருக்கல் 36, அதாவது 46,656 மடங்கு குறையும். எங்க கணக்குல மூட்டை 75 கிலோ. வகுத்தா 1.6 கிராம். குண்டு நெல்லா எண்ணினா எழுபது மணி போல வரும். எழுபது எழுபதா எண்ணி, பழைய வேட்டித் துணியில சின்னச் சின்ன மூட்டையாக் கட்டினோம். பத்து மூட்டை ஏத்தினான். நம்பினா நம்புங்க, அந்த மூட்டை எண்ணினப்போ எனக்கும் அறுவடை முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

அண்ணி திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல உள்ள போய் காக்கித் துணி ஒரு துண்டு கொண்டு வந்தாங்க. அண்ணனோட டிரைவர் சட்டைக் கையில இருந்து வெட்டினது. "மூட்டை நனையக் கூடாது, தார்ப்பாய் போடுடா"ன்னு பொடியன்கிட்ட குடுத்தாங்க. ஓரம்கூட தைச்சிருந்தாங்க. எப்போ தைச்சாங்கன்னு நான் கேட்கலை.

இப்ப அந்த வண்டி மாடத்துல இல்லை. களத்துல, வரப்புல, மோட்டார் கொட்டகையிலன்னு ஓடுது. முன் பம்பர்ல ரெண்டு கீறல் விழுந்துடுச்சு. நம்பர் பிளேட் மேல செலோடேப் ஒட்டித் தரட்டுமான்னு அண்ணியைக் கேட்டேன். "அதை மட்டும் ஒட்டு. கீறல் கிடக்கட்டும். அவரு வண்டியில கீறல் இல்லாத நாள் எது?"ன்னாங்க.

அடுத்த வாரம் நவரைப் பயிர்ல களை எடுத்த கதையைச் சொல்றேன்.