பல்லுக்குக் கம்பி போடுவது கூடுமா?



பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி போடுவது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்று கேட்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு தடவை நான் பிழையான பதில் சொன்னேன். அதனால் ஒரு பிள்ளை பட்ட கஷ்டத்தையும் என் கண்ணாலேயே கண்டேன். ஒரு மௌலவி தன் பிழையைத் தானே எழுதுவது சங்கடமான விடயம்தான். ஆனாலும் அன்று நான் சொன்ன பதில் இன்னும் பல வீடுகளில் உலாவிக்கொண்டிருக்கக் கூடும் என்பதால் எழுதுகிறேன்.

2015 ஆம் ஆண்டு, நான் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் பாடசாலையில் தரம் 7இல் ஒரு மாணவி இருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் மேல்வரிசைப் பற்கள் நன்றாக முன்னுக்குத் தள்ளியிருந்தன. உதடுகள் இரண்டும் இலேசில் சேரமாட்டா. குர்ஆன் ஓதும்போது 'மீம்', 'பா' ஆகிய எழுத்துக்களை இரண்டு உதடுகளையும் பொருத்தித்தான் மொழிய வேண்டும். அவளுக்கோ கீழுதடு மேற்பல்லில் போய் முட்டும். "உதட்டை மூடி ஓதுங்க மகள்" என்று வகுப்பில் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். மூட முடியாத உதட்டைப் பிள்ளை எப்படி மூடும் என்று நான் யோசிக்கவில்லை. அவளும் பர்தாவின் ஓரத்தால் வாயை மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் கேளாதவாறு ஓதப் பழகிவிட்டாள்.

பெற்றோர் கூட்டமொன்று முடிந்தபோது அவளுடைய தாய் என்னிடம் வந்தார். "மௌலவி சேர், பள்ளிக்கூடத்துல பல்லுப் பார்க்க வந்தவங்க புள்ளைய பெரிய ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லி துண்டு தந்திருக்காங்க. பல்லுக்குக் கம்பி போட வேண்டி வருமாம். அவட மூத்தம்மா சொல்றா, அது அல்லாஹ்ட படைப்ப மாத்துற வேலை, ஹராம் எண்டு. நீங்க என்ன சொல்றீங்க?"

அஸருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நின்ற நிலையிலேயே பதில் சொன்னேன். அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்கள் சபிக்கப்பட்டதாக ஹதீஸ் இருக்கிறது, ஆகையால் விட்டுவிடுவதே பேணுதல் என்றேன். அந்தத் தாய் மறுபேச்சுப் பேசவில்லை. துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

2017 இல் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியின்போது அப்பிள்ளை முகம் குப்புற விழுந்தாள். வேறொரு பிள்ளையென்றால் உதடு கிழிந்ததோடு போயிருக்கும். இவளுக்கு முன்னுக்கு நின்ற பல்லே முதலில் தரையில் அடிபட்டுப் பாதியாக உடைந்தது. பல்லின் நரம்பும் செத்துவிட்டது. மேற்பல் தள்ளியிருக்கும் பிள்ளைகளுக்கு இப்படியான விபத்துக்கள் அதிகம் என்று வைத்தியர் சொன்னாராம். இன்னொன்றும் சொன்னாராம். பதினொன்று, பன்னிரண்டு வயதில், தாடை வேகமாக வளரும் பருவத்தில் வந்திருந்தால், கழற்றிப் போடும் ஒரு கருவியின் மூலம் பின்தங்கிய கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவர முயற்சித்திருக்கலாம். அப்பருவம் கடந்துவிட்டது. இனி மேல்வரிசையில் இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கி இடம் எடுத்து, நிரந்தரமாக ஒட்டும் கம்பி போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

தாய் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க சொன்ன எண்டுதான் விட்டேன், மௌலவி சேர். இனியாவது போட ஏலுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவு கிதாபுகளைத் திறந்தேன். நான் ஆதாரமாகக் காட்டியது இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. 'அழகுக்காக' என்ற சொல்லும் அந்த ஹதீஸிலேயே இருக்கிறது. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் விளக்கம் தருகிறார்கள். வயது போனவர்கள் தம்மை இளமையாகக் காட்டுவதற்காகப் பல்லை அராவியதே அங்கே கண்டிக்கப்பட்டது. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்பது அவர்களுடைய விளக்கத்தின் சாரம். நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்திலேயே படித்த பக்கம் அது. ஹதீஸை மனனத்தில் வைத்திருந்தேன், அந்த ஒரு சொல்லை மறந்துவிட்டேன்.

அர்ஃபஜா (ரழி) அவர்களின் சம்பவமும் நினைவுக்கு வந்தது. அறியாமைக் காலத்தில் குலாப் என்ற போரில் அவர்களுடைய மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்தார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. அப்போது நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளும்படி சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம். அப்படியிருந்தும் தேவைக்காக அனுமதி கிடைத்தது. இதை வைத்தே ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டுவதையும் உலமாக்கள் அனுமதித்தார்கள். அந்தலுஸில் வாழ்ந்த வைத்திய மேதை அஸ்ஸஹ்ராவியும் (இறப்பு கி.பி. 1013) தமது நூலில் பல்லைக் கம்பியால் கட்டும் முறையை எழுதியிருக்கிறார். பல்லுக்குக் கம்பி என்பது நமது முன்னோருக்குப் புதினமல்ல.

மறுநாள் காலை அவர்களுடைய வீட்டுக்கே போனேன். மூத்தம்மாவும் இருந்தார். "நான் சொன்னது பிழை. பிள்ளைக்கு இருப்பது குறை, இது சிகிச்சை. தாராளமாகச் செய்யுங்கள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

சகோதரிகளே, இந்தச் சிகிச்சை என்னவென்று நானும் அதன் பிறகுதான் அறிந்துகொண்டேன். ஒவ்வொரு பல்லிலும் சின்னஞ்சிறு உலோகத் துண்டொன்றை ஒட்டி, அவற்றின் ஊடாக ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்துகிறார்கள். கம்பி இடைவிடாமல் மெதுவாகத் தள்ளும்போது, பல் நகரும் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடுகிறது. மறுபக்கத்தில் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அளவே பல் நகரும். அவசரப்படுத்த முடியாது. பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை செல்லும். படைப்பை மாற்றுகிறோம் என்று பயந்தேனே, எலும்புக்கு இந்த இயல்பைக் கொடுத்தவனும் அல்லாஹ்தானே!

கம்பி போட்ட பிள்ளையின் வீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதல் சில நாட்கள் பல் கூசும். கஞ்சி, குழைந்த சோறு கொடுங்கள். முறுக்கு, கச்சான், தொதல், மஸ்கட் போன்ற கடினமானவையும் ஒட்டுபவையும் கம்பியைக் கழற்றிவிடும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்காவிட்டால் முரசு வீங்கும், பல்லில் வெள்ளைத் தழும்பு விழும். கம்பியைக் கழற்றிய பின்னர் வைத்தியர் தரும் கருவியைச் சொன்னபடி அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

வுழூ, குளிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது இரண்டிலும் சுன்னத்து. ஆகவே பல்லில் ஒட்டிய உலோகத்தால் வுழூவுக்கோ குளிப்புக்கோ பங்கமில்லை. நோன்பு காலத்தில் ஸஹருக்குப் பின் நேரம் எடுத்து நன்றாகத் துலக்கிவிடச் சொல்லுங்கள். கம்பியில் சிக்கிய உணவைப் பகலில் வேண்டுமென்று விழுங்கினால் நோன்பு முறியும்.

அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் கம்பி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டாளி போட்டாள் என்பதற்காகவோ, குறையில்லாத பல்லைச் சினிமாக்காரரின் பல்லைப் போல ஆக்குவதற்காகவோ செய்வது வேறு விடயம். கடிக்க முடியவில்லையா, உதடு மூடவில்லையா, பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா, முகத்தைக் காட்டவே பிள்ளை கூசுகிறதா? அப்படியானால் பெரிய பற்கள் முளைக்கத் தொடங்கும் ஏழு, எட்டு வயதிலேயே வைத்தியரிடம் காட்டுங்கள். பல் சீராக்கும் விசேட வைத்தியர்கள் அரசாங்கத்தின் பெரிய வைத்தியசாலைகளிலும், பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்திலும் இருக்கிறார்கள். காத்திருக்க நேரிடலாம் என்பதால்தான் முன்கூட்டியே போகச் சொல்கிறேன். பெண் கேட்டு வரும் காலத்தில் ஓடித் திரிவதில் பயனில்லை.

மௌலவியிடம் கேட்க வந்தால், வைத்தியர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் நின்றபடி பதில் சொன்னால், "கிதாபைப் பார்த்துச் சொல்லுங்க, நாங்க நாளைக்கு வாறம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அது மரியாதைக் குறைவல்ல. அவருக்கும் நீங்கள் செய்யும் உபகாரம்.

அந்தப் பிள்ளையின் கம்பியை 2019 இன் இறுதியில் கழற்றினார்கள். ஒரு நாள் வகுப்பில் ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதச் சொன்னேன். 'பிஸ்மி'யின் 'பா'வுக்கு இரண்டு உதடுகளும் சேர்ந்தன. பர்தாவின் ஓரம் வாய்க்கு வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! உடைந்த பல்லுக்குச் செய்து வைத்த பாதி மட்டும் மற்றப் பற்களைவிடச் சற்று வெளுப்பாகத் தெரிந்தது. அது என்னால் வந்தது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.