காக்காப்பொன் ஓடையிலிருந்து தேவாலா தங்கம் வரை!

ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாறு சாலையில் போனால், ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரும். அந்தப் பக்கத்து மலையடிவாரத்தில்தான் அய்யனார் கோவில் ஓடை. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடும் நாளில், காலை வெயிலில் அடியில் கிடக்கும் மணலைப் பாருங்கள். தங்கத் தூளைத் தூவிவிட்ட மாதிரி மின்னும். குளிக்க வரும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது தங்கமா?"

இப்போது பெரியவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 'ஓடையில் கொட்டிக் கிடக்கும் தங்கம்' என்ற ரகத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள்தான் காரணம். எந்த ஊர், எந்த ஆறு என்ற விவரம் எதுவும் அவற்றில் இருக்காது. சரி, நம் ஓடை ஏன் மின்னுகிறது, நிஜமாகவே தங்கம் வரும் ஓடை தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் எனக் கிளம்பினேன்.

மணலை அள்ளி வரவில்லை. இந்த மலைக்காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். கல்லோ மணலோ எடுப்பது குற்றம். ஆனால், ஈரக் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததை என்ன செய்வது? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நகைப் பட்டறையில், அந்த நாலைந்து துணுக்குகளைக் காகிதத்தில் தட்டிக் காட்டினேன். வயதான பத்தர். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தார்.

"உரைகல்லே வேண்டாம் தம்பி. நகத்தால அமுக்கு."

அமுக்கினேன். துணுக்கு செதில் செதிலாகப் பிரிந்து பொடியாகிவிட்டது.

"தங்கம்னா நசுங்கும், உடையாது. இது காக்காப்பொன்னு. மழைக்கு மழை வரும். இதை வெச்சு ஒரு மூக்குத்தி செய்ய முடியுமா?"

காக்காப்பொன்! பாடப் புத்தகத்தில் மைக்கா, அப்பிரகம் என்று படித்ததற்கு நம் ஊரில் எவ்வளவு பொருத்தமான பெயர் இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். அவற்றில் பயோடைட் என்ற கறுப்பு மைக்கா இருக்கும். வெயிலிலும் மழையிலும் அது மக்கும்போது கறுப்பு வெளுத்து, பொன்னிறத்துக்கு மாறும். தகடு மாதிரி மெல்லியது என்பதால் தண்ணீரில் மிதப்பதுபோல் வந்து மேலாகப் படியும். தங்கம் ஒருபோதும் இப்படி மேலே வந்து முகம் காட்டாது.

ஓடை மணலில் சிவப்பாக ஒரு மணி தென்பட்டால் அது கார்னெட். கறுப்பு மணலுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் ஒரு பகுதி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், அது மேக்னடைட். குழந்தைகளோடு ஊர்ப் பக்கத்து ஆற்று மணலில் செய்து பார்க்க அருமையான விளையாட்டு இது.

இந்த மலைப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து உருவானவை. அந்தச் சூட்டில் பாறையில் இருந்த நீர்ச்சத்தே பெரும்பாலும் வெளியேறிவிட்டது. தங்கத்துக்கோ தண்ணீர் வேண்டும். ஆழத்திலிருந்து கந்தகம் கலந்த சூடான நீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறி, பாறை விரிசல்களில் புகுந்து, அங்கே வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லோடு சேர்ந்து உறைய வேண்டும். தங்கம் தாங்கிய அப்படிப்பட்ட நரம்புகளைத் தேடி ராஜபாளையம் மலையில் யாரும் சுரங்கம் வைத்ததில்லை. (விருதுநகர் மாவட்டத்துக்கு மண் தந்தது சுண்ணாம்புக்கல். ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா சிமென்ட் ஆலை தொடங்கியது அதை நம்பித்தான்.)

அந்த நரம்புகளைப் பார்க்க வேண்டுமென்றால், இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடக்குப் பகுதிக்குப் போக வேண்டும். நீலகிரி மாவட்டம், கூடலூரைத் தாண்டி தேவாலா. தமிழ்நாட்டின் மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடத்தில் பார்க்கும் அதே தேவாலாதான். ராஜபாளையத்திலிருந்து மதுரை, கோவை, ஊட்டி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் முதுகு ஒரு வழியாகிவிடும்.

அங்கேயும் பாறை நைஸ்தான். ஆனால், அதைக் குறுக்கே கிழித்துக்கொண்டு குவார்ட்ஸ் நரம்புகள் ஓடுகின்றன. நரம்பில் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருக்கும். தங்கம் அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிக்கியிருக்கும். கொட்டித் தீர்க்கும் மழையில் மேல்மட்டப் பைரைட் துருப்பிடித்துக் கரைய, தங்கம் மட்டும் கரையாமல் விடுபடுகிறது. மழைநீர் அதை ஓடைக்கு உருட்டி வருகிறது. அங்கிருந்து கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கம் இறங்கி, சாலியாறு வரை போகிறது. அந்த ஆற்று மணலிலும் தங்கம் அரிப்பவர்கள் உண்டு.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இந்தப் பகுதியின் குறும்பர்களும் பணியர்களும் மரத்தட்டில் மணலை வைத்து, தண்ணீரில் சுழற்றித் தங்கம் அரித்திருக்கிறார்கள். சூத்திரம் எளிது. குவார்ட்ஸ் மணல் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு எடை; தங்கம் 19.3 மடங்கு. சுழற்றச் சுழற்ற மணல் வழிந்துவிடும், தங்கம் அடியில் தங்கிவிடும். ஓடையும் அதே வேலையைத்தான் செய்கிறது. நீரின் வேகம் குறையும் உள்வளைவு, பெரிய பாறையின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்பு ஆகிய இடங்களில்தான் தங்கம் ஒதுங்கும். நம் ஊர் நகைக்கடை வீதிகளில் சாக்கடை மண்ணை அரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, அவர்களும் இதே கணக்கில்தான் பிழைக்கிறார்கள்.

இந்தச் சின்னத் தங்கம் லண்டன் வரை ஆசை காட்டியது. 1879-ல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா தங்க வயல்களில் அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித் என்பவரை அரசு அழைத்து வந்தது. அவருடைய அறிக்கை 1880-ல் வெளியாக, லண்டனில் பங்குச் சூதாட்டம் பற்றிக்கொண்டது. 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள். தேவாலாவும் பந்தலூரும் காட்டுக்கு நடுவே திடீர் நகரங்களாயின. இயந்திரங்கள் மலையேறின, சுரங்கங்கள் தோண்டப்பட்டன. இரண்டே மூன்று ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது.

ஏன்? மழையும் காலமும் சேர்ந்து மேல்மட்டத்தில் தங்கத்தைத் திரட்டி வைத்திருந்தன. சோதனைக்குப் போன கல் அங்கே எடுத்தது. கீழே தோண்டினால் அந்தச் செழிப்பு இல்லை. இருந்த கொஞ்சமும் பைரைட்டின் பிடியில். செலவுக்குக்கூட வரவு கட்டவில்லை. அதே 1880-ல் கோலாரிலும் இறங்கினார்கள். அங்கேயும் கிட்டத்தட்ட மூடும் நிலைக்கு வந்து, நல்ல நரம்பு ஒன்று அகப்பட்டதால் பிழைத்தது. நம் வட மாவட்டங்களிலிருந்து போன தமிழர்களின் உழைப்பில் 3 கிலோமீட்டருக்கும் கீழே வரை தோண்டப்பட்டு, 2001 பிப்ரவரி 28-ல்தான் மூடப்பட்டது. தேவாலாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கம்பெனிகள் போன மலையில் தேயிலை நிலைத்தது. 1964-ன் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் பலர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்தார்கள்.

என்னைக் கேட்டால், லண்டன்காரர்கள் பணம் இழந்த கதை அவ்வளவு பெரிய சோகமில்லை. அவர்கள் விட்டுப்போன துளைகள்தான் சோகம். அந்தப் பழைய சுரங்கங்களில் இன்றும் திருட்டுத்தனமாக இறங்கித் தோண்டுகிறார்கள். வனத்துறையும் போலீஸும் பிடிக்கிறார்கள், குழிகளை மூடுகிறார்கள். மறுபடி யாரோ திறக்கிறார்கள். கல்லை இடித்துப் பொடியாக்கி, பாதரசம் ஊற்றித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். அதைச் சூடாக்கும்போது வரும் ஆவி மூச்சுக்கும் நரம்பு மண்டலத்துக்கும் விஷம். மண் சரிந்து குழிக்குள்ளேயே உயிர் போனவர்களும் உண்டு. தங்கம் துளிகூட இல்லையென்றால் யாரும் இறங்கப்போவதில்லை. நிறைய இருந்திருந்தால் பெரிய நிறுவனம் ஏதாவது முறையாக எடுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஒருநாள் கூலிக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம் என்ற அளவில் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

தேயிலை வரிசைகளுக்கு இடையே ஒரு டீக்கடை. குழிகளைப் பற்றிக் கேட்டேன். கடைக்கார அக்கா நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "நீங்க படம் எடுக்க அங்க போயிராதீங்க தம்பி. மேல புல்லு மூடியிருக்கும், காலு வெச்சா உள்ளதான்" என்றவர், டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர நான் அங்க விடுறதில்ல" என்றார்.

தேவாலா போக நினைப்பவர்களுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கூடலூரிலிருந்து பஸ் உண்டு. சாலையோர மண்வெட்டுகளில் செம்மண்ணுக்கு நடுவே வெள்ளைக் கோடாக ஓடும் குவார்ட்ஸ் தெரிகிறதா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டப் பாதையை விட்டு விலகாதீர்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால், பழைய குழி எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது.