இமைக்குள் ஒரு திட்டு



அஸருக்குப் பின் ஓதிக்காட்ட வந்த சிறுவன் ஒருவன், பாடத்தை நிறுத்திவிட்டு, "ஹஜ்ரத், உங்க கண்ணுக்குள்ள சதை மாதிரி ஏதோ இருக்கு" என்றான். அன்றிரவு கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெண்விழியின் மேல், இமை மடிப்பை ஒட்டி, இளஞ்சிவப்பில் வழுவழுப்பான ஒரு திட்டு. வலியில்லை, பார்வையிலும் குறையில்லை. ஆதலால் அலட்சியம் செய்தேன்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் திட்டு சற்று வற்றியது. அல்ஹம்துலில்லாஹ் என்று இருந்துவிட்டேன். இரண்டே மாதங்களில் முன்னைவிடப் பெரிதாக வந்தது. அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. அது இத்தகைய கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, நோயை மறைத்துவிடக்கூடும்.

கண் மருத்துவர் 'சால்மன் திட்டு' என்றார். சால்மன் மீனின் சதை நிறம் என்பதால் அப்பெயராம். வஞ்சிரத்தைத் தாண்டி அறியாத நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "இது தீங்கற்ற நிணநீர்த் திசுத் தடிப்பாகவும் இருக்கலாம், லிம்போமா என்னும் புற்றுநோயாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்றார். உம்மாவிடம் சொல்ல வேண்டாமென்று மனைவியிடம் கூறினேன்.

கண்ணை மரத்துப்போகச் செய்து துண்டை எடுத்தனர். ஒரு பகுதியை ஃபார்மலினில் இட்டனர். மறுபகுதியை அது படாமல் பச்சையாகவே ஆய்வகத்துக்கு அனுப்பினர். செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அதுவே தேவை.

ஏன் இத்தனை பாடு என்று கேட்டேன். பி செல் ஒவ்வொன்றும் கப்பா, லாம்டா என்னும் இரு புரதச் சங்கிலிகளுள் ஒன்றைத் தாங்கியிருக்குமாம். சாதாரண அழற்சியில் இரு வகையும் கலந்திருக்கும். ஏறக்குறைய அனைத்தும் ஒரே வகையாயின், ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டமோ என்று ஐயுறுவர். எனக்கு வகுப்பறை நினைவுக்கு வந்தது. பத்துப் பிள்ளைகள் பத்து விதமாகப் பிழை ஓதினால் கவலையில்லை. பத்துப் பேரும் ஒரே எழுத்தில் ஒரே பிழையைச் செய்தால், ஒருவனிடமிருந்தே அது பரவியிருக்கிறது.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் உளூதான் பெரும் சோதனையாயிற்று. கண்ணில் நீர் படக்கூடாது என்றிருந்தனர். விழிக்குள் கழுவுவது கடமையன்று. ஆனால் இமை முகத்தைச் சேர்ந்ததாயிற்றே. முடிந்தவற்றைக் கழுவி, விடுபட்ட இடத்துக்காகத் தயம்மும் செய்வது எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம்தான். எனக்கென்று வந்தபோது கிதாபை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

வந்த முடிவு, மால்ட் லிம்போமா. கண்ணின் மேற்பரப்பில் தோன்றும் லிம்போமாக்களுள் பெரும்பாலானவை இவ்வகையே, மெதுவாக வளர்பவை. வேறெங்கும் பரவியுள்ளதா என்று மறுகண், இரத்தம், உடல் முழுவதற்குமான ஸ்கேன் அனைத்தும் பார்த்தனர். வேறெங்கும் இல்லை. 24 கிரே கதிர்வீச்சை 12 தவணைகளாகக் கொடுத்தனர். திட்டு கரைந்தது, கண் வறட்சி மட்டும் தங்கிவிட்டது.

உம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. கட்டுப்போட்ட கண்ணைப் பார்த்த அன்றே மருமகளிடம் கேட்டுவிட்டார்களாம். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பொடியனுக்கு ஒரு ஜுப்பா தைச்சுக் கொடு."

மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் இமையைப் புரட்டிப் பார்க்கிறார். அவனோ ஓத வரும்போதெல்லாம் பார்க்கிறான்.