கப்பலுக்கு எந்தச் சேலை? பெரியம்மாவின் 23 கிலோ பெட்டி!

சேலம், நாமக்கல் பக்கம் யாராவது வெளிநாடு கிளம்பினால் பெட்டியில் முதலில் ஏறுவது துணி அல்ல, பருப்புப்பொடியும் ஊறுகாயும்தான். ஆனால், ராசிபுரத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் துணியாலேயே பயணம் நின்றுவிடும்போல இருந்தது.

பெரியம்மாவுக்கு 62 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் அண்ணன், அம்மாவுக்காக ஏழு இரவு மத்தியத்தரைக்கடல் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார். பார்சிலோனாவில் ஏற வேண்டும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அம்மா, சேலையெல்லாம் வேண்டாம். ரெண்டு பேன்ட், நாலு டாப்ஸ் வாங்கிக்க. கப்பல் காத்துல சேலையைப் புடிச்சுக்கிட்டு நிக்க முடியாது."

பெரியம்மா என்னிடம் ஒரே வரிதான் சொன்னார். "அப்ப நான் வரலைன்னு சொல்லிரு கண்ணு."

இருவருக்கும் நடுவில் பேச என்னைப் பிடித்துப்போட்டார்கள். 'நெட்டுல தேடுறதுதானே உன் வேலை' என்று அம்மா வேறு சொல்லிவிட்டார். சரி, தேடினேன்.

கப்பலுக்குத் துணி எடுத்து வைப்பதில் பெரிய பெரிய ஆட்களே திண்டாடியிருக்கிறார்கள். 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, கப்பலில் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு, இறங்கும்போது போடுவதற்கென்றே வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கியது செப்டம்பர் கடைசி. குளிர் தொடங்கும் நேரத்தில் வெள்ளை உடையில் நின்றது அவர் ஒருவர்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால், பெட்டிகளைச் சாவியோடு ஏஜென்ட்டிடம் கொடுத்தாகிவிட்டது! அதே காந்திதான் 1931-ல் அரை வேட்டியும் சால்வையுமாக பக்கிங்ஹாம் அரண்மனைக்கே போனார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியும், 1962-ல் தன் 83-வது வயதில் அமெரிக்க அதிபர் கென்னடியைப் பார்க்கப் போனபோது கோட்டு சூட்டுக்கு மாறவில்லை.

இதைச் சொன்னதும் பெரியம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "பாத்தியா? வேட்டியே போகும்போது சேலை போகாதா?"

போகும். ஆனால் எந்தச் சேலை என்பதுதான் கேள்வி. பெரியம்மா கட்டுவது கஞ்சி போட்ட பருத்திச் சேலை. அதற்கு இஸ்திரி வேண்டும்; பெரும்பாலான கப்பல்களில் தீ விபத்துக்குப் பயந்து அறைக்குள் இஸ்திரிப்பெட்டியை அனுமதிப்பதில்லை. சின்ன அறையில் பருத்தி சீக்கிரம் காயவும் செய்யாது. அங்கேதான் நம்ம இளம்பிள்ளை கைகொடுத்தது. சேலத்துக்குப் பக்கத்தில் விசைத்தறியில் ஓடும் லேசான சேலைகள். கசங்காது, சீக்கிரம் காயும், சுருட்டி வைத்தால் இடமும் அடைக்காது. அதில் நாலு எடுத்தோம்.

காற்றுக்கு? ஹாலில் பெடஸ்டல் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதன் முன்னால் பெரியம்மாவை நிற்க வைத்தேன். மடிப்பிலும் தோளிலும் ஊக்கு குத்தி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினால் அசையவில்லை. வீடியோ காலில் பார்த்த அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பதிலுக்குப் பெரியம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்தார். மே கடைசியில் அங்கே பகலில் 20 டிகிரியைத் தாண்டினாலும், கடல்மேல் ராத்திரி குளிரும். சேலைக்கு உள்ளே லெக்கின்ஸ், மேலே ஸ்வெட்டர். கல் பாவிய தெருக்களில் நடக்க ஷூ. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்றதும், "அப்ப அவன்தான் அரை டிரவுசர் போடாம வரணும்" என்று சிரித்தார்.

நீங்களும் இப்படிக் கிளம்புகிறீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டால், அது அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். மாத்திரைகளும் ஒரு செட் துணியும் கைப்பையில் இருக்கட்டும். காந்திக்கு நேர்ந்தது நமக்கு வேண்டாம்.

மிச்சமிருந்தது, எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிடப் போகும் அந்த ஒரு ராத்திரி. பெரியம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு அரக்குப் பட்டை எடுத்தார். பெரியப்பா வாங்கிக் கொடுத்தது. அவர் இறந்து ஆறு வருஷமாகிறது. அதன்பின் பெரியம்மா அடர் நிறமே கட்டியதில்லை. கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலேயே வெளிர் நிறத்துக்கு வந்துவிட்டார்.

"கப்பல்ல நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க பெரியம்மா."

"அப்ப இதையும் வெச்சிரு."

ஆனால் பழைய ரவிக்கை பத்தவில்லை. புதிது தைக்க வேண்டுமென்றால் ராசிபுரத்தில் வழக்கமான டெய்லரிடம்தான் போக வேண்டும். அதாவது, ஊருக்குத் தெரிந்துவிடும். சேலத்தில் கொடுத்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். பதிலே சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தச் சேலை கட்டில்மேலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் துணியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அவரே நடந்து போனார். யாருக்குங்கம்மா என்று டெய்லர் கேட்டாராம்.

"எனக்குத்தான். புதன்கிழமைக்குள்ள குடுத்துருப்பா, கப்பலுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.