வீட்டு விலை ஜாஸ்தியா, இல்லையா?

"வீடு வாங்குவது எளிதாகிவிட்டது" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேப்பரில் செய்தி வரும். ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துக்கிட்டு என் சித்தப்பா பையன் சண்டைக்கு வருவான். "பாருண்ணே, கட்டுப்படியாகுதுன்னு அவங்களே சொல்றாங்க." அவனுக்கு மேடவாக்கம் பக்கம் ஒரு ஃப்ளாட் மேல கண்ணு. விலை 80 லட்சம்.

இந்த "கட்டுப்படி"யை எப்படி அளக்கறாங்க? நைட் ஃபிராங்க் மாதிரி நிறுவனங்கள் மாசத் தவணையைக் குடும்ப வருமானத்தால வகுக்கறாங்க. 80 சதவீதம் கடன், 20 வருஷம். 50 சதவீதத்தைத் தாண்டினாத்தான் கஷ்டம்.

நம்ம பையன் கணக்கு: கடன் 64 லட்சம், வட்டி 8.5 சதவீதம்னு வச்சுக்குவோம். தவணை சுமார் 55,540. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் கைக்கும் வர்றது 1,30,000. 43 சதவீதம். பாஸ்!

இதே ஃப்ளாட்டை டெமோகிராஃபியாக்காரங்க அளவுகோலில் வச்சுப் பார்த்தேன். அவங்க வட்டி பக்கமே போக மாட்டாங்க. விலையை வருஷ வருமானத்தால வகுப்பாங்க, 3 வரைக்கும் தேவலை, 5-ஐத் தாண்டினா ரொம்ப மோசம். 80-ஐ 15.6 ஆல வகுத்தா 5.1. ஃபெயில்! (ஊர் மொத்தத்துக்கும் நடுவாந்திர வருமானத்தை வச்சுப் போடுற கணக்கு அது, ஒரு குடும்பத்துக்குப் போடுறது முறையில்லதான். இருந்தாலும் போட்டேன்.)

முதல் அளவுகோலில் எனக்குப் பிடிக்காதது ஒண்ணு உண்டு. வட்டி 7 சதவீதமா இறங்கினா தவணை 49,600 ஆகும். வட்டி இறங்காமலே கடனை 30 வருஷமா இழுத்தாலும் கிட்டத்தட்ட அதே தான், 49,200. ரெண்டிலயும் "கட்டுப்படி" கூடிடுச்சுன்னு கணக்கு சொல்லும். ஆனா 20 வருஷத்துல மொத்தம் கட்டுறது 1.33 கோடி, 30 வருஷத்துல 1.77 கோடி. 44 லட்சம் கூடக் கட்டுறவனுக்கு வீடு சல்லிசாயிடுச்சாம்! என்னத்த சொல்ல.

வட்டியும் ஒரே இடத்துல நிக்காது. 2020 மே மாசம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதமா இறக்குச்சு. 2023 பிப்ரவரியில் அது 6.5. சல்லிசு வட்டியை நம்பிக் கடன் வாங்கின நிறைய பேருக்குத் தவணை ஏறலை, வருஷம் நீண்டுடுச்சு. கவனிச்சுப் பார்க்காதவங்களுக்குத் தெரியக்கூட இல்ல.

அப்புறம் கைக்காசு. வங்கி கொடுக்காத 16 லட்சம், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்ந்து 7.2 லட்சம். ஆக 23.2 லட்சம். மாசம் 25,000 மிச்சம் பிடிச்சா ஏழே முக்கால் வருஷம். மேலே சொன்ன ரெண்டு அளவுகோலிலும் இந்த ஏழே முக்கால் வருஷம் கிடையாது.

"வாடகை கொடுத்தா காசு வீண், தவணை கட்டினா நம்ம வீடு" என்பது அவன் பிரம்மாஸ்திரம். அந்த மாதிரி ஃப்ளாட்டுக்கு அங்க வாடகை 22,000 கேக்கறாங்க. முதல் மாசத் தவணையில் வட்டி மட்டும் 45,300, அசலுக்குப் போறது பத்தாயிரம் சொச்சம். வாடகை வீண்னா, அதைப் போல ரெண்டு மடங்கு வட்டி மட்டும் என்னவாம்? வாடகை வருஷா வருஷம் ஏறும், தவணை ஏறாதுன்னான். நியாயம்தான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா ஸ்கூல் மாத்தணும், சாமான் தூக்கணும்ங்கறதும் நியாயம்தான். அதுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்கறதுதான் கேள்வி. என் அபிப்பிராயம்: வாடகையோட ஒப்பிட்டா இந்த விலை ஜாஸ்தி. இன்னொண்ணு, 1,000 சதுர அடிங்கறாங்க, உள்ளே நடக்கறதுக்கு 700 தான். அப்படிப் பார்த்தா அடி 8,000 இல்ல, 11,400.

இவ்வளவு கணக்குக்கும் நடுவுல உருப்படியான கேள்வி கேட்டது அவன் மனைவிதான். "குழந்தை பொறந்து நான் ஒரு வருஷம் வேலைக்குப் போகலைன்னா, மாமா?"

அவ சம்பளம் 50,000. அதைக் கழிச்சா மீதி 80,000. அதுல தவணை 69 சதவீதம்.

பையன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் 60 லட்சத்துக்குள்ள ஏதாவது இருக்கான்னு தேட ஆரம்பிச்சான். தாம்பரம் தாண்டிப் போகணுமாம். போய்வர்ற நேரத்தை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னு அடுத்த சண்டை ஆரம்பம்.