பேசாத பெட்டி

மாடு நோயுற்றால் இரை எடுக்க மறுத்துத் தன் துன்பத்தை உணர்த்தும். அக்காலத்து எந்திரங்களும் அவ்வாறே இருந்தன. கரும்புகை கக்கின, முனகின, எண்ணெய் ஒழுக்கின. கைதேர்ந்த பட்டறைக்காரர் ஒருவர் திருப்புளியின் நுனியை எந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்தே உள்ளே தேய்ந்தது எதுவென்று சொல்லிவிடுவார். இன்றைய எந்திரங்களோ எண்களால் பேசுகின்றன. அவ்வெண்களைப் படிப்பது எளிது. அவற்றின் உட்பொருளை உணர்வதுதான் அரிது.

ஜொகூர் மாநிலத்தில் கூலாய் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் பணிபுரியும் முதியவர் ஒருவர் இவ்வுண்மையை நன்கு அறிந்தவர். தோட்டத்தில் பிறந்தவர். பதினாறாம் வயதில் சீன முதலாளி ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, செவியாலும் கையாலும் தொழில் கற்றார். கணினி பொருத்திய எந்திரங்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது, தம் பிழைப்பு முடிந்ததென்றே அவர் எண்ணினார். ஆயினும் ஐம்பது வயதுக்குமேல் மீட்டர் ஒன்றை வாங்கி, இரவுதோறும் மகளை ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்லச் செய்து, மீண்டும் மாணவரானார்.

2006ஆம் ஆண்டில் இஸ்கண்டார் வளர்ச்சி வட்டாரம் தொடங்கப்பட்ட பின்னர், தென் ஜொகூரில் மண் தோண்டும் எந்திரங்களுக்கு ஓய்வு குறைந்தது. புதிய எந்திரம் வாங்க வசதியற்ற சிறு குத்தகையாளர்கள், வேறிடத்தில் உழைத்துக் களைத்த எந்திரங்களைக் கடன்பட்டு வாங்குகின்றனர். ஓடிய மணிக்கணக்கை மானி காட்டும். முன்னவர் செய்த ஒட்டுவேலைகளை எந்த மானியும் காட்டுவதில்லை.

அத்தகைய குத்தகையாளர் ஒருவர், மனைவியின் நகைகளை அடகுவைத்து வாங்கிய எந்திரத்தோடு ஒருநாள் அப்பட்டறைக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வடிகால் வெட்டும் வேலை பாதியில் நின்றிருந்தது. காலையில் எந்திரம் ஒழுங்காக இயங்குமாம். வேலை சூடுபிடித்து உடல் அதிரத் தொடங்கியதும், திரையில் எச்சரிக்கை ஒளிரும். எந்திரம் வலுவிழந்து முனகும். பட்டறை இளைஞன் ஆய்வுக் கருவியைப் பொருத்தினான். ‘எஞ்சின் கணினியோடு தொடர்பு அற்றது’ என்ற பொருளில் குறியீடு தோன்றியது.

“எஞ்சின் கணினி செத்துப்போச்சு அண்ணே, மாத்தணும்” என்றான் அவன்.

புதிய கணினிக்குப் பல ஆயிரம் வெள்ளி வேண்டும். குத்தகையாளர் முகம் வெளிறியது. முதியவர் அவரை நோக்காமல் இளைஞனிடம் கேட்டார்: “தம்பி, கூப்பிட்டவனுக்குப் பதில் வரலேன்னா, அவன் செத்துட்டான்னு அர்த்தமா? நடுவுல பாதை அறுந்திருக்கக் கூடாதா?”

அப்பாதையின் இயல்பை இங்கு அறிதல் நலம். எஞ்சினுக்கு ஒரு கணினி, நீரியல் பம்புக்கு ஒன்று, ஓட்டுநர் திரைக்கு ஒன்று எனப் பல பெட்டிகள் இவ்வெந்திரங்களில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் அது பெரும் கட்டாகிவிடும். ஆகவே, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகளில் அனைத்தும் முறைவைத்துப் பேசிக்கொள்ளும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983இல் ஆராயத் தொடங்கி, 1986இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் வெளியிட்ட ‘கேன்’ என்னும் முறை இது. கனரக எந்திரங்கள் பலவற்றில் இதன்வழி நொடிக்கு 250,000 துணுக்குகள் (பிட்) என்ற வேகத்தில் செய்திகள் ஓடுகின்றன. செய்தி எதிரொலித்துக் குழம்பாதிருக்க, பாதையின் இரு முனைகளிலும் 120 ஓம் அளவுடைய தடைகள் இருக்கும்.

இதில்தான் முதியவரின் சோதனை அடங்கியிருந்தது. மின்கலத்தைத் துண்டித்துவிட்டு அவ்விரு கம்பிகளுக்கிடையே அளந்தால், இரு தடைகளும் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால், ஒரு முனை பாதையிலிருந்து பிரிந்துவிட்டது. சுழியை நெருங்கினால், கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

ஓட்டுநர் அறையிலுள்ள ஒன்பது துளைச் சாக்கெட்டில் அவர் அளந்தார். மீட்டர் 60 காட்டியது. “சரியாத்தானே இருக்கு அண்ணே” என்றான் இளைஞன். “நிக்கிற எந்திரத்துக்கு நோவு தெரியாது. கம்பியை ஆட்டு” என்றார் அவர். இளைஞன் கம்பிக்கட்டைச் சாண் சாணாக அசைத்துச் சென்றான். எஞ்சினை நோக்கித் திரும்பும் வளைவில் அவன் கை பட்டதும், எண் 120க்குத் தாவி மீண்டும் 60க்கு இறங்கியது.

உறையைப் பிரித்தனர். உள்ளே, முன்பு எவரோ அறுந்த கம்பியை வெறுமனே முறுக்கிக் கறுப்புப் பட்டை சுற்றி மறைத்திருந்தார். மழையும் நீர் பீய்ச்சிக் கழுவியதும் சேர்ந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. அதிர்வில் அது விலகும், நின்றதும் கூடும். செத்ததாகக் கருதப்பட்ட கணினி, அந்த ஒட்டுக்கு அப்பால் பேசிக்கொண்டேதான் இருந்தது, கேட்பாரில்லை.

அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, புதிய கம்பி இணைத்து, பழைய முறுக்குக் குலையாமல் உறையிட்டு, உராயாத இடத்தில் கட்டினர். எந்திரத்தை ஓடவிட்டு அதிரச் செய்தபோதும் எச்சரிக்கை தோன்றவில்லை. விடைபெறுமுன், “வாளியில வெல்டிங் அடிச்சா முதல்ல பேட்டரியைக் கழட்டி, கணினி சாக்கெட்டையும் பிரிச்சிடுங்க, இல்லேன்னா நல்ல கணினியும் போயிடும்” என்று குத்தகையாளரிடம் சொன்னார் முதியவர். கூலியாக அரைநாள் வேலைக்குரியதை மட்டுமே பெற்றுக்கொண்டார்.

இளைஞனுக்கு அது உறுத்தியது. “கணினியை மாத்தியிருந்தா நமக்கும் நாலு காசு கிடைச்சிருக்கும்” என்றான். “மாத்தியிருந்தா நாளைக்கே எந்திரம் மறுபடி நின்னிருக்கும். அவரு கடன் ரெட்டிப்பாயிருக்கும். நம்ம பேரும் போயிருக்கும்” என்றார் முதியவர்.

குறியீடு பொய் சொல்லவில்லை; தொடர்பு அற்றது என்றே கூறியது. குற்றவாளி இன்னாரென்று தீர்ப்பளித்தவன் மனிதன்தான். வீட்டிலும் ஊரிலும் கூட, பதில் பேசாதவரைக் கல்நெஞ்சர் என்று நாம் எத்தனை விரைவில் முடிவுகட்டிவிடுகிறோம்! இடையிலுள்ள கம்பியை ஒருமுறை தொட்டுப் பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

மறுநாள் வேறோர் எந்திரம் வந்தது. முதியவர் சொல்வதற்கு முன்பே, இளைஞன் மின்கலத்தைத் துண்டித்துவிட்டு மீட்டரைக் கையிலெடுத்தான்.